கெத்து மேலே... உசுரு கீழே!

காலேஜ் பார்க்கிங்கில் புதுசா ஒரு பிக்கப் வந்து நின்னா, நம்ம கண்ணு முதல்ல எங்கே போகும்? டயரு, பம்பரு, ஸ்டிக்கரு... எல்லாத்துக்கும் மேல அதோட உயரம்! 'என்னா ஹைட்டுடா மச்சான்!'னு வாயைப் பிளப்போம். பின் சக்கரத்துக்குப் பக்கத்துல, அழுக்கும் சேறுமா தொங்குற அந்த ரெண்டு குழாயை யாராவது குனிஞ்சு பார்த்திருக்கோமா? அதுதான் ஷாக் அப்சார்பர். பட்டறை பாஷையில் ஷாக்கப்சர்!

'இது மெக்கானிக்கல் பசங்க மேட்டர்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க காமர்ஸ் மக்களே... ஒட்டன்சத்திரம் தக்காளி நசுங்காம உங்க ஹாஸ்டல் சாம்பாருக்கு வந்து சேருதுன்னா, அதுல இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு.

எங்க சித்தப்பாவோட பொழப்பே பிக்கப்தான். 4 வீல் டிரைவ், கம்பெனியிலிருந்தே சாதா மாடலைவிட உயரமா தூக்கி வந்த வண்டி. சிறுமலையில் வாழைத்தார், எலுமிச்சை, பலா ஏத்தி, திண்டுக்கல் சிறுமலை செட்டுல இறக்கணும். லோடு இல்லாத நாள்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய், தக்காளி. சிறுமலை ரோட்டுல கொண்டை ஊசி வளைவு மட்டும் 18. வண்டியே போகாத தோட்டங்கள்ல இருந்து ரோடு வரைக்கும் மூட்டை சுமக்கிறதுக்குப் பேர்போனது அங்கே குதிரைகள். கல்லு, பள்ளம்னு பார்க்காம, காலை மடக்கி நீட்டி அது இறங்குற அழகைப் பார்த்திருக்கணும். இயற்கையே செஞ்ச சஸ்பென்ஷன்!

சித்தப்பா வண்டிக்கு அந்தக் கொடுப்பினை போன மழைக்காலத்தோட முடிஞ்சுபோச்சு. காலியா மலை ஏறினா பின்பக்கம் டான்ஸ் ஆடும். ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு தடவை ஏறி இறங்கினா, மூணு தடவை தலையாட்டும். லோடோட வளைவுல திரும்பினா, ஒரு பக்கம் சாய்ஞ்சு, நிமிர்ந்து, மறுபடியும் சாயும். சித்தப்பா இடுப்புல பெல்ட் ஏறிடுச்சு. கேட்டா, 'வயசாகுதுல்லடா'ன்னு சிரிப்பார்.

ஒருநாள் ஈர ரோட்டுல, இறக்கத்துல, வளைவுல பிரேக் பிடிச்சப்போ வால்பக்கம் ஒரு அடி வெளியே வழுக்கியிருக்கு. அந்தப் பக்கம் பள்ளம். சித்தப்பா வீட்டுல மூச்சு விடலை. தார் மேல உட்கார்ந்து வந்த லோடிங் அண்ணன்தான் என்கிட்டே ரகசியமா சொன்னார். 'தம்பி, அன்னிக்கு எங்க குலசாமியே கண்ணு முன்னாடி வந்துட்டுப் போயிருச்சு' என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

வண்டி ஸ்டாண்டுல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாய்ங்க. மெஜாரிட்டி தீர்ப்பு இது: 'பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுருண்ணே. வண்டி இன்னும் ரெண்டு இன்ச் தூக்கும், ஆட்டமும் நின்னுரும், லோடும் கூட அடிக்கலாம்!' பட்டைன்னா, வில்லு மாதிரி வளைச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகள். அதுதான் பிக்கப், லாரியோட ஸ்பிரிங். ஒரே செலவுல மூணு லாபம்னா யாருக்குத்தான் ஆசை வராது? சித்தப்பா கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டார்.

வழக்கமா பார்க்கிற மெக்கானிக் அண்ணன், டார்ச்சோட வண்டிக்கு அடியில போய்ப் படுத்தார். வெளியே வந்து விரலை நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. 'பட்டை எடையைத் தாங்கும் மாமா. ஆட்டத்தை நிறுத்தாது. ஆட்டத்தை நிறுத்துறவன் உள்ள செத்துக் கிடக்கான். அவனைப் பட்டினி போட்டுட்டு, நல்லா இருக்கிறவனுக்கு விருந்து வச்சா எப்பிடி?'

டைனமிக்ஸ் பேப்பர்ல ரெண்டு வாரம் நடத்தின 'டேம்பிங்' பாடத்தை மனுஷன் மூணே வரியில முடிச்சுட்டார்!

புரியிற மாதிரி சொல்றேன். ஊஞ்சலைத் தள்ளிவிட்டா அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். நிறுத்தணும்னா காலைத் தரையில் உரசுவோம். ஸ்பிரிங்தான் ஊஞ்சல், உரசுற காலுதான் ஷாக் அப்சார்பர். காலு சுடும்ல, அதே மாதிரி ஷாக்கும் சுடும். ஆட்டத்தோட சக்தியைச் சூடா மாத்திக் காத்துல விடுறதுதான் அதோட வேலை. உள்ளே பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. குழாய் நிறைய எண்ணெய், நடுவுல ஒரு பிஸ்டன், அதுல வால்வு வச்ச சின்னச் சின்னத் துளைகள். ஊசி போடுற சிரிஞ்சை மெதுவா அமுக்கினா சுலபமா போகும், வேகமா அமுக்கினா எதிர்க்கும். அதே தத்துவம்தான். சக்கரம் எவ்வளவு வேகமா குதிக்குதோ, அவ்வளவு பலமா எண்ணெய் தடுக்கும்.

ஒரு வண்டியோட உடம்பு, நொடிக்குச் சுமார் 1, 2 தடவை ஆடும். சக்கரம் தனியா 10 தடவைக்கு மேல துடிக்கும். இந்தத் துடிப்பை அடக்க ஷாக் இல்லைன்னா, டயர் தரையில் இருக்கிற நேரம் குறையும். அந்தரத்துல இருக்கிற டயருக்கு பிரேக்கும் தெரியாது, ஸ்டீயரிங்கும் தெரியாது. அன்னிக்கு வளைவுல நடந்தது ஏன்னு எனக்கு அப்போதான் விளங்கிச்சு. மனுஷ உடம்புக்கும் கணக்கு இருக்கு. உட்கார்ந்திருக்கிறவரை மேலும் கீழுமா குலுக்கினா, நொடிக்கு 4-லிருந்து 8 வரையிலான அதிர்வுதான் அதிகமா பாதிக்கும்னு ஐ.எஸ்.ஓ. 2631 என்கிற சர்வதேசத் தரவிதியே சொல்லுது. சித்தப்பாவோட பெல்ட்டுக்கு வயசு மட்டுமே காரணம் இல்லை!

சரி, புது ஷாக் போடலாம். எது?

பழைய எண்ணெய் ஷாக்குல ஒரு சிக்கல். கரடுமுரடான ரோட்டுல தொடர்ந்து ஓடினா எண்ணெயும் உள்ளே இருக்கிற காத்தும் கலந்து நுரைச்சிடும். நுரையை அமுக்கிறது சுலபம்தானே... ஷாக் தொளதொளன்னு ஆகிடும். இதுக்கு வழி கண்டுபிடிச்சவர்களில் முக்கியமானவர், பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டியன் பூர்சியே டி கார்பன். அழுத்தமான வாயுவை உள்ளே அடைச்சு, எண்ணெய் நுரைக்காம பார்த்துக்கிற ஒற்றைக் குழாய் ஷாக் அவர் யோசனை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி அதைத் தயாரிக்க, 1957-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் ஏறுச்சு. நம்ம நாட்டுல 1961-ல் கேப்ரியல் இந்தியா கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்க தொழிற்சாலை ஒண்ணு நம்ம ஓசூரிலேயே இருக்கு.

'அப்போ ஒத்தைக் குழாய் கேஸ் ஷாக்கே போட்டுருவோம்ணே'ன்னு நான் குதிச்சேன். மெக்கானிக் அண்ணன் தலையை ஆட்டினார். அதுல வெளிக்குழாய்க்குள்ளேயே பிஸ்டன் ஓடும். மலை ரோட்டுல ஒரு கல்லு தெறிச்சு ஒடுக்கு விழுந்தா, பிஸ்டன் மாட்டிக்கும். ரெட்டைக் குழாய்ல வெளியே ஒடுங்கினாலும் உள்குழாய் தப்பிக்கும். விலையும் குறைச்சல். ஆக, கொஞ்சம் வாயு அடைச்ச, கனமான ரெட்டைக் குழாய்னு முடிவாச்சு. ரேஸுக்குப் போறவனுக்கு ஒண்ணு, வாழைத்தார் ஏத்துறவனுக்கு ஒண்ணு!

அடுத்தது அளவு. இங்கேதான் உயரமான வண்டிக்காரங்க உஷாரா இருக்கணும். கம்பெனியே தூக்கிக் கொடுத்த வண்டின்னா, ஷாக்கோட நீளமும் அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டதுதான். சாதா மாடலோட குட்டை ஷாக்கை மாட்டினா, சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது அது முழுசா நீண்டு 'டக்'னு இழுபடும். நீளமானதை மாட்டினா, மேட்டுல முழுசா அமுங்கி அடி முட்டும். ரெண்டுமே ஷாக்குக்கு எமன். அதனால நீட்டின நிலையில எவ்வளவு, அமுக்கின நிலையில எவ்வளவுன்னு ரெண்டு அளவும் பார்த்துத்தான் வாங்கினோம்.

பட்டை ஆசை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? அதுக்கும் அண்ணன் ஒரு குண்டு வச்சிருந்தார். பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலோட ஒரு சின்னக் கம்பியில இணைஞ்சிருக்கிற வால்வு ஒண்ணு உண்டு. லோடு ஏறி வண்டி அமுங்கினா, 'பாரம் இருக்கு'ன்னு புரிஞ்சுக்கிட்டு பின் சக்கரத்துக்கு பிரேக்கை அதிகமா அனுப்பும். வண்டி உயர்ந்தா, 'காலியா இருக்கு'ன்னு குறைச்சுடும். கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தூக்கினீங்கன்னா, முழு லோடு ஏத்தின பிறகும் அந்த வால்வு ஏமாந்து நிக்கும். சிறுமலை இறக்கத்துல பிரேக்கே ஏமாந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்னு ஏறிடுச்சு. 'லோடு கூட அடிக்கலாம்'ங்கிற மூணாவது லாபம் அங்கேயே காலி!

மாட்டுறது அரை நாள் வேலை. அதுலயும் சில நுணுக்கம். ஷாக்கை எப்பவும் ஜோடியா மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி நொண்டும். ரெட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுறதுக்கு முன்னாடி நேரா நிக்க வச்சு, அஞ்சாறு தடவை அமுக்கி இழுக்கணும். படுக்கப்போட்டு வந்ததுல உள்ளே புகுந்த காத்து வெளியேறிடும். ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரம் தரையில நிக்கும்போதுதான் கடைசியா இறுக்கணும். தூக்கி வச்சே இறுக்கினா, இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். இதெல்லாம் அந்த அண்ணன் எந்த காலேஜ்லயும் படிச்சது இல்லை. எனக்கு நடத்தினவங்களும் சொன்னது இல்லை!

ரிசல்ட்? காலி வண்டி கார் மாதிரி மிதக்குதுன்னு புளுக மாட்டேன். ஒரு டன்னுக்கு மேல சுமக்கச் செஞ்ச பட்டை, காலியா போறப்போ விறைப்பாத்தான் இருக்கும். ஆனா, மூணு தலையாட்டல் ஒண்ணாச்சு. இத்தனைக்கும் எங்க பக்கத்து ஸ்பீட் பிரேக்கர்கள் லேசுப்பட்டது இல்லை. 10 சென்டிமீட்டர் உயரம்னா 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிவா இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதி வச்சிருக்கு (கட்சி இல்லை பாஸ், சாலை பொறியாளர்கள் அமைப்பு!). நம்ம ஊர்த் தெருவுல அதே உயரத்தை ஒரு முழத்துக்குள்ள கட்டிடுறாங்க. முக்கியமா, வளைவுல வால்பக்கம் இப்போ முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேக்குது.

உங்க வண்டியையும் பார்த்துடுங்க. பைக்னா முன் ஃபோர்க்குல எண்ணெய்க் கோடு தெரியுதா? கார்னா, ஒரு மூலையை அமுக்கி விட்டா ஒரு தடவை எழுந்து அடங்கணும். ஆடிக்கிட்டே இருந்தா ஷாக் அவுட். பிக்கப்ல பட்டை விறைப்பு, அமுக்கிப் பார்த்தா தெரியாது. எண்ணெய்க் கசிவு, கிழிஞ்ச புஷ், மேடும் பள்ளமுமா தேய்ஞ்ச டயர்... இந்த மூணும்தான் துப்பு. ஒரு ஜோடி சாதா ஷாக்கோட விலை, ஒரு பிக்கப் டயர் விலைக்குள்ள அடங்கிடும்.

அப்புறம் ஏன் இதுக்கு மட்டும் கடைசி இடம்? நான் யோசிச்ச வரைக்கும், வெளியே தெரியாததுதான் காரணம். உயரம் தெரியும், ஸ்டிக்கர் தெரியும், கூடுதல் லோடு கையில காசாத் தெரியும். குலுக்கல் மட்டும் டிரைவரோட முதுகுக்கும், பின்னாடி உட்கார்ந்து வர்றவருக்கும்தான் தெரியும். அந்தக் காலத்துலயும் அப்படித்தான். பட்டை வச்சுக் கட்டின வில்வண்டி பண்ணையாருக்கு. மூட்டை சுமக்கிற கட்டை வண்டிக்கு வில்லும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொது ரோட்டுல வில்வண்டி ஓட்டிப் போனதே ஒரு போராட்டம்! குலுங்காம போறது யாரோட உரிமைங்கிறது அவ்வளவு பழைய கேள்வி.

சித்தப்பா இப்போ ரெண்டு விஷயம் மாத்தியிருக்கார். கணக்கு நோட்டுல டயர், ஆயில், எஃப்.சி. வரிசையில 'ஷாக்கப்சர்'னு புதுசா ஒரு வரி. இன்னொண்ணு, லோடிங் அண்ணன் இப்போ தார் மேல இல்லை. கேபினுக்குள்ள, சித்தப்பா பக்கத்து சீட்டுல!