நாயைப் பழக்க எங்கே கொண்டு போவது? லெம்பா பெர்த்தாம் அன்பர்களுக்கு ஒரு பதிவு

 

கொஞ்ச நாளாக என் வாட்சாப்புக்கு வருகிற கேள்விகளில் பாதி பூசை நேரத்தைப் பற்றி இல்லை, நாயைப் பற்றி. "அண்ணே, நாய்க்கு டிரெயினிங் குடுக்க ஈப்போவுல நல்ல இடம் எது?" "ஒரு மாசம் விட்டுட்டு வந்தா பழக்கித் தர்றாங்களாமே, அனுப்பலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் போதவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். நாய் வளர்க்காதவர்களும் படிக்கலாம், பக்கத்து வீட்டில் நாய் இருக்கும் அல்லவா!

கோவில் பக்கத்தில் நாய்ப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பைரவருக்கு வாகனமே நாய்தான். மகாபாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்து வாசல் வரை போகிறார். கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு வா என்கிறான் இந்திரன். மாட்டேன் என்று நின்றுவிடுகிறார் தருமர். அந்த நாய் தர்ம தேவதையே. கதை கேட்கும்போது கண் கலங்குகிற நாம்தான், வீட்டு வாசலில் கட்டிப் போட்ட நாய் கத்தினால் விளக்குமாற்றைத் தூக்குகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று, பேர் வேண்டாம். மகனும் மருமகளும் விடியற்காலையிலேயே காய்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுக்க வீட்டில் பாட்டி ஒருத்தர்தான். அவருக்குத் துணை ஒரு கறுப்பு நாய். கோவில் வாசலில் மைலோ பெட்டியில் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி அது. ஒரு வயதாகி நல்ல வாட்டசாட்டமாக வளர்ந்துவிட்டது. குணத்தில் தங்கம். கடிக்காது. ஆனால் ஆளைப் பார்த்தால் பாசத்தில் பாய்ந்து மேலே ஏறும், முகத்தை நக்கும்.

பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம். அவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிச் சீருடையில் போகும்போது இது ஓடிப்போய் மேலே ஏறிவிட்டது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ள முறை. நமக்குத் தீட்டு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. முதல் தடவை அந்த அப்பா சிரித்த முகத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது தடவை, "இன்னொரு முறை நடந்தால் மாவட்ட மன்றத்துக்குப் போக வேண்டி வரும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மன்றத்து ஆட்கள் வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மகன், "யாருக்காவது குடுத்துடலாம்மா" என்றார். பாட்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் பயிற்சி வகுப்பு தேட ஆரம்பித்தார்கள். என்னிடம் வேன் இருப்பதால் ஓட்டுகிற வேலை எனக்கு. இந்த மாதிரி வகுப்பெல்லாம் பெரும்பாலும் ஈப்போ, கோலாலம்பூர் பக்கம்தான். மூன்று இடம் பார்த்தோம். எந்த இடத்தின் பேரையும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடத்தில் ஒரே ஒழுங்கு. "சிட்" என்றால் பத்து நாயும் ஒரே நேரத்தில் உட்காருகிறது. மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாட்டிதான் மெதுவாகச் சொன்னார்: "வாலைப் பாருப்பா." பார்த்தேன். எல்லா வாலும் பின்னங்கால் இடுக்கில். காது பின்னால் ஒட்டியிருக்கிறது. ஒரு நாய் உட்கார்ந்தபடியே உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது. கழுத்தில் இழுத்தால் இறுக்குகிற சங்கிலி. "நாய் ஓநாய் பரம்பரை, நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்றார் பயிற்சியாளர்.

இந்தத் தலைவன் கதையை நிறையப் பேர் சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947ல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? பிறகு அமெரிக்காவில் டேவிட் மீச் என்ற ஆய்வாளர் காட்டு ஓநாய்களோடு பல வருடம் இருந்து பார்த்தார். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999ல் எழுதினார். அடித்துத் தலைவனாகிற கதை அங்கே இல்லை.

இதற்கு நமக்கு ஓநாய் ஆராய்ச்சியே தேவையில்லை. நம் தாத்தா பாட்டிகள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்குப் பயந்து வேலை செய்தவர்கள். பயத்தில் செய்கிற வேலை கங்காணி முதுகைத் திருப்புகிற வரைக்கும்தான். நாயும் அப்படித்தான். சங்கிலி பிடித்தவர் இருக்கும்போது உட்காரும். வீட்டில் பாட்டி மட்டும் இருக்கும்போது? அதுவும் பயந்துபோன நாய் ஒரு நாள் கடிக்கவும் செய்யும். பாய்கிற நாயைக் கடிக்கிற நாயாக மாற்றிக் கொண்டுவருவதற்கா அவ்வளவு தூரம் போவது?

இரண்டாவது இடம் நல்ல வசதி. குளிர்சாதனம், தனித்தனிக் கூண்டு. நான்கு வாரம் விட்டுவிட்டுப் போங்கள், வீடியோ அனுப்புகிறோம், முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பயிற்சி நேரத்தில் பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு, "நாய்க்குக் கவனம் சிதறும், வேண்டாம்" என்றார்கள். பயிற்சி எப்படிக் கொடுப்பீர்கள் என்றதற்கும் தெளிவான பதில் இல்லை, "எங்க முறை" என்று மட்டும். மருமகள் ஒரே கேள்வி கேட்டார்: "நாய் உங்க பேச்சைக் கேக்கும், எங்க அத்தை பேச்சைக் கேக்குமா?" அதற்கும் பதில் இல்லை. வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாவது இடம் ஒரு புல்வெளி, ஒரு கொட்டகை, அவ்வளவுதான். போனில் கூப்பிட்டபோதே, "முதல் தடவை நாயைக் கொண்டுவராதீங்க, நீங்க மட்டும் வந்து பாருங்க" என்றார்கள். ஆறு நாய், ஒவ்வொன்றோடும் வீட்டுக்காரர். பயிற்சி கொடுக்கிற அம்மா நாய்க் கயிற்றைத் தொட்டதே அபூர்வம். பேசுவதெல்லாம் மனிதர்களிடம்தான். "கயிறை இழுக்காதீங்க." "இப்ப பாராட்டுங்க, லேட்டாயிடுச்சு." சின்னச் சின்னக் கோழித் துண்டு கொடுக்கிறார்கள். ஒரு நாய் பயந்து குரைத்தது. யாரும் அதட்டவில்லை, தூரமாகக் கூட்டிப்போய் நிழலில் நிற்க வைத்தார்கள். வால்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. பாட்டி, "இங்கயே சேத்துடுப்பா" என்று சொல்லிவிட்டார்.

சேர்த்த பிறகு முதல் வகுப்பில் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல உக்காரச் சொல்ல என்ன வார்த்தை சொல்றீங்க?" பாட்டி, "உக்காரு" என்றார். பேரன், "சிட்" என்றான். மகன், "டூடோக்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். மூன்று மொழி நாடு, நாய் என்ன செய்யும் பாவம்! கடைசியில் பகலெல்லாம் கூட இருக்கிறவர் பாட்டி என்பதால் "உக்காரு" என்று முடிவானது.

எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் உண்மையான வேலை வீட்டில் நடந்தது, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஐந்து ஐந்து நிமிடம். ஆள் வந்தால் நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தீனி, பேச்சு, தடவல் எல்லாம். மேலே ஏறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஐந்தாவது வாரத்துக்கு மேல்தான் மாற்றம் தெரிந்தது. வேலியில் கதவும் போட்டார்கள். பயிற்சி வந்துவிட்டது என்று கதவைத் திறந்துவிடக் கூடாது என்று அந்த அம்மாவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது நாய் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. மோட்டார் போனால் மட்டும் இன்னும் குரைக்கும். மாவட்ட மன்றத்துக்கு யாரும் போகவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நல்ல கிளப் பழக்குவது நாயை மட்டும் இல்லை, நாயோடு வாழ்கிற ஆளை. உங்களை வெளியே நிற்க வைத்துவிட்டு நாயை மட்டும் உள்ளே வாங்குகிற இடம், எவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தாலும் யோசியுங்கள்.

சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. நாய் இல்லாமல் போய் ஒரு முழு வகுப்பைப் பாருங்கள். பார்க்க விடவில்லை என்றால் அடுத்த இடம். நாய்களின் வால், காது, கண்ணைப் பாருங்கள். வீட்டுக்காரர்களின் முகத்தையும் பாருங்கள்.

2. "நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்?" இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். பதில் நேராக வர வேண்டும். இறுக்குகிற சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை, கரண்ட் அடிக்கிற பட்டை என்றால் வேண்டாம். பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே எல்லா நாய்க்கும் ஏற்றது என்று அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவர் சங்கம் 2021ல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை அடித்து உதைத்துக் கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

3. தடுப்பூசி அட்டை கேட்கிறார்களா? கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள். பத்து நாய் கூடுகிற இடத்தில் பார்வோ வந்தால் குட்டி தாங்காது.

4. குட்டியாக இருந்தால் ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற காலம். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழித்து, ஏழு எட்டு வாரக் குட்டியையும் சுத்தமான குட்டி வகுப்பில் சேர்க்கலாம். உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை நாய் என்று எண்ணுங்கள். ஆறு, எட்டு என்றால் உங்கள் பக்கம் திரும்ப அவருக்கு நேரம் இருக்கும். இருபது என்றால் அது கூட்டம்.

6. போட்டிக்குப் பழக்குகிறார்களா, வீட்டுக்குப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். நமக்குக் கோப்பை வேண்டாம். அமெரிக்க கென்னல் கிளப் 1989ல் நல்ல குடிமகன் நாய் என்று ஒரு தேர்வு தொடங்கியது. பத்தே விஷயம். தெரியாத ஆள் வந்தால் அமைதியாக இருப்பது, கயிறு இழுக்காமல் நடப்பது, கூட்டத்துக்குள் நடப்பது, கூப்பிட்டால் வருவது, இப்படி. கலப்பு நாயும் எழுதலாம். இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லிக் கொடுக்கிற இடமே நமக்குப் போதும்.

7. "நூறு சதவிகிதம் கேரண்டி" என்றால் சந்தேகப்படுங்கள். உயிருள்ள எதற்கும் யாரும் கேரண்டி தர முடியாது.

நம் ஊருக்கு என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 அக்டோபர் 23 விடியற்காலை அணைத் தண்ணீர் திறந்து பெர்த்தாம் ஆறு பொங்கி வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. உயிர் போனது, வீடு போனது. அந்த மாதிரி நேரத்தில் நாயைத் தேடிக்கொண்டு யாரும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஒரே கூப்பாட்டில் ஓடி வந்து வண்டியில் ஏறுகிற நாய்தான் நம்மோடு தப்பிக்கும். எதைப் பழக்காவிட்டாலும் "வா" என்றால் வரப் பழக்குங்கள். வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். ஒரு தடவை வந்து அடி வாங்கினால் அடுத்த தடவை யோசிக்கும்.

தாப்பா ரோட்டு வளைவில் நாய்க்கும் வாந்தி வரும். புறப்படுவதற்கு முன் நிறையச் சாப்பாடு போடாதீர்கள், பழைய துண்டு இரண்டு எடுத்து வையுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், என் வேன் சீட் சாட்சி.

செலவுதான் கஷ்டம் என்றால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வண்டியில் போகலாம். நான் ஓட்டத் தயார், எண்ணெய்க் காசைப் பகிர்ந்துகொள்வோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானக் கொட்டகையில் என்னைப் பாருங்கள்.

இரண்டு வேண்டுகோள். திருவிழா அன்று எவ்வளவு நன்றாகப் பழகிய நாயாக இருந்தாலும் கோவிலுக்குக் கூட்டி வராதீர்கள். உறுமி மேளமும் பட்டாசும் நம் காதுக்கே அதிகம். உள் அறையில் விட்டு, தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, தயவு செய்து குட்டிகளைப் பெட்டியில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாமி பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள். சாமி சார்பில் பார்ப்பது நாங்கள் நாலு பேர்தான். குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்துவிடுங்கள், அதுவும் புண்ணியம்தான்.

பகிர நினைப்பவர்கள் தாராளமாகப் பகிருங்கள். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.

இப்படிக்கு,
உங்கள் கோவில் தொண்டன்