எங்கள் குளமும் அதன் குடிகளும்

ஓர் ஊர்க்குளம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு விடையளித்தல் எளிது போலத் தோன்றும். அரசாங்கப் பதிவேட்டைப் புரட்டினால் அங்கே ஒரு விடை கிடைக்கும். ஆயக்கட்டு உழவரை வினவினால் மற்றொரு விடை கிடைக்கும். ஆடு மேய்ப்போரும் மீன்பாசிக் குத்தகைதாரரும் தத்தமக்கென ஒவ்வொரு விடை வைத்திருப்பர். இவருள் எவரோடும் சேராத வேறொரு கூட்டமும் உண்டு. அக்கூட்டத்தார் ஆண்டுதோறும் நம் குளங்களுக்கு வந்து, குடியேறி, மக்களை ஈன்று வளர்த்துப் பெயர்ந்து செல்கின்றனர். அவர்களுக்குப் பட்டாவும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேச வாயும் இல்லை. அச்சிறகுடைக் குடிகளுக்கும் எங்கள் ஊருக்கும் இடையே நேர்ந்த வழக்கொன்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன். அவ்வழக்கில் என் தந்தையார் ஒரு கட்சி. நான் மற்றொரு கட்சி.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ளதொரு சிற்றூர். ஐப்பசி கார்த்திகை மாதங்களிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே எங்கள் குளத்தை நிரப்புவது. அக்குளத்தின் உள்வாயிற் கருவேல மரங்களை நட்டு வளர்த்து, அவை முற்றியதும் ஏலமிடுதல் எங்கள் பக்கத்து வழக்கம். மழை பொழிந்து மரங்களின் அடி நீரில் மூழ்கியதும் நீர்க்காக்கைகளும் கொக்குகளும் மடையான்களும் வந்து கூடு கட்டும். நாற்புறமும் நீர் சூழ்ந்திருத்தலின், பூனை எளிதில் அணுகாது. மீனும் தவளையும் காலடியிலேயே கிடைக்கும். முள்மரம் பறவைக்கு அரண்மனையாவது இங்ஙனமே.

2013-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அம்மரங்கள் ஏலம் போயின. அக்காலை எனக்கு வயது ஒன்பது. குளத்து நீர் வற்றி முழங்காலளவாக நின்றது. கூடுகளிலோ குஞ்சுகள் இன்னும் இறகு முற்றாதிருந்தன. வெட்டுவோர் காலையில் வந்தனர். முதல் மரம் சாய்ந்தபோது பறவைகள் யாவும் ஒருங்கெழுந்து குளத்தின்மேல் வட்டமிட்ட ஓசையை நான் இன்றுகாறும் மறந்தேனில்லை. நானும் என் தமையனும் நீருள் இறங்கி, சேற்றில் விழுந்து கிடந்த குஞ்சுகளைப் பனையோலைப் பெட்டியில் எடுத்து வீட்டுக்குக் கொணர்ந்தோம். பத்தொன்பது குஞ்சுகள். கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து அவற்றின் வாயில் ஊட்டினோம். மூன்றாம் நாள் இரண்டே எஞ்சின. ஐந்தாம் நாள் பெட்டி வெறுமையாயிற்று. என் ஆச்சி ஒன்றும் உரையாமல் புழைக்கடையிற் குழி தோண்டிக் கொடுத்தாள்.

அம்மரங்களை ஏலமிட முன்னின்றவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். அன்றிரவு அழுதவண்ணம் அவர்பாற் சென்று, "குஞ்சு பறந்த பின்பு வெட்டினால் என்ன, அப்பா?" என்று கேட்டேன். அவர் சற்றுநேரம் வாளாவிருந்து, "நீ குஞ்சைப் பார்த்தாய், தம்பி. கடைமடை வயலைப் பார்த்தாயா?" என்றார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. அவரைக் கொடியவரென்றே எண்ணினேன். அவ்வெண்ணத்தைப் பல ஆண்டுகள் உள்ளத்தில் வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல இன்று நாணுகின்றேன்.

கல்லூரியிற் சேர்ந்தபின், 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில், எங்கள் ஆசிரியர் ஒருவருடன் மாணவர் சிலர் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்திற்குச் சென்றோம். 1994-ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இடம் அது. பின்னர் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயின் அறிவிப்புப் பலகைகள் தோன்றுமுன்னரே அவ்வூரார் பறவைகளுக்குக் காவலராயினர். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் குளத்து மரங்களில் மட்டுமன்றித் தெருவிலும் புழைக்கடையிலும் நிற்கும் வேம்பிலும் கூடு கட்டுகின்றன. இமயத்திற்கு அப்பாலுள்ள பீடபூமிகளில் முட்டையிட்டுப் பொரிக்கும் வரித்தலை வாத்துகள், அம்மாமலையைப் பறந்து கடந்து பனிக்காலம் போக்க இங்கு வருகின்றன. அவ்வூரில் தீபாவளிக்கும் வெடியோசை இல்லை.

வேம்பொன்றன் நிழலில் மூதாட்டி ஒருவர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். தரையெங்கும் வெள்ளை எச்சம்; மீன் நாற்றமோ மூக்கைத் துளைத்தது. "ஆச்சி, இந்த நாற்றம் உங்களுக்குத் தொல்லையாக இல்லையா?" என்று வினவினேன். அவர் துடைப்பத்தை நிறுத்தி என்னை ஏற இறங்க நோக்கினார். "பிள்ளைப்பேற்றுக்கு மகள் தாய்வீடு வந்தால், பச்சைப்பிள்ளை பாயை நனைக்கிறது என்று யாராவது துரத்துவார்களா, ஐயா? நாலு மாதம் பெருக்கினால் முடிந்தது" என்றார். பின்பு, அவ்வெச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடித்தால் நெல் எவ்வாறு செழிக்குமென்பதையும் விரித்துரைத்தார்.

ஆச்சியின் சொல்லை வேதிநூலும் மறுக்கவில்லை. பறவையெச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரமும் மிகுந்துள்ளன. அவை நீரிற் கரைந்து மடை வழியே வயலை அடைகின்றன. செங்கற்பட்டைச் சார்ந்த வேடந்தாங்கல் உழவரும் இதனை நெடுங்காலமாக அறிந்தவரே. பறவைகளைத் துப்பாக்கியாற் சுட்டோரைத் தடுக்க வேண்டி, அவர்கள் 1798-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் முறையிட்டு உரிமைப்பத்திரம் பெற்றனர் என்பர். அரசினர் அவ்விடத்தைச் சரணாலயமாக ஏற்றதோ 1936-ஆம் ஆண்டிலேதான். சட்டம் பின்னே வந்தது. ஊர்வழக்கம் முன்னே நடந்தது.

கூந்தன்குளத்தினின்று மீளும்போது என் மனத்தில் ஓர் எண்ணம் உறுத்திற்று. அவ்வூராரும் உழவரே, எங்கள் ஊராரும் உழவரே. இரண்டிடத்தும் அதே மழை, அதே கருவேல மரம். வேறுபாடு வழக்கத்தில் மட்டுமே இருந்தது. அவர்கள் பறவையின் பேறுகாலத்தைத் தம் ஆண்டுக்கணக்கிற் சேர்த்திருந்தனர், நாங்கள் சேர்க்கவில்லை. எங்கள் மரங்கள் பங்குனியில் வீழ்ந்ததன் காரணமும் அப்போதே விளங்கிற்று. எங்கள் அம்மன் கோயிற் கொடை சித்திரையில் நடப்பது. ஏலப்பணத்தில் ஒரு பாதி மடைக்கும், ஒரு பாதி கொடைக்கும் உரியது. பந்தலுக்கும் மேளத்திற்கும் வாணவெடிக்கும் பணம் தேவையான மாதமே கோடரி விழும் மாதமாயிற்று. பறவையின்மேல் எவருக்கும் பகையில்லை. அதனை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, தந்தையார் பண்டு கேட்ட வினாவிற்கு விடை தேடிக் கடைமடைக்கு நடந்தேன். அங்கு வயல் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், மடை பழுதுற்று நீர் வீணே கசிந்த ஆண்டில் தம் பயிர் கதிர் வாங்கும் பருவத்திற் கருகியதையும், அடுத்த ஆண்டில் மரம் விற்ற பணத்தால் மடை கட்டப்பட்டதையும் எடுத்துரைத்தார். "அந்த மடை இல்லாவிட்டால் நான் ஊரைவிட்டே போயிருப்பேன், தம்பி" என்றார். என் பத்தொன்பது குஞ்சுகளும் அம்முதியவரின் வயலும் ஒரே தராசில் நின்றதை அன்றே கண்டேன். என் தந்தையார் தம் தட்டை மட்டும் பார்த்தார். நான் என் தட்டை மட்டும் பார்த்தேன்.

2013-க்குப் பின் நட்ட கன்றுகள் அதற்குள் மரமாகியிருந்தன. நீர்க்காக்கைகளும் அவற்றில் மீண்டும் கூடு கட்டியிருந்தன. அவ்வாண்டு மாசியில் ஏலம்பற்றிப் பேச ஊர்க்கூட்டம் கூடிற்று. பெரியோர் இசைவு பெற்று நானும் எழுந்து நின்றேன். மரத்தை வெட்டவேண்டாமென நான் கூறவில்லை. ஏலம் பங்குனியிலேயே நடக்கட்டும். கொடைக்கு வேண்டும் முன்பணமும் அப்போதே வரட்டும். வெட்டு மட்டும் ஆடியில் நிகழட்டும். ஆழமான பகுதியில் ஒரு வரிசை மரங்களை விட்டுவைப்போம் என்றேன். "பறவைக்காக எவன் நான்கு மாதம் காத்திருப்பான்? விலை குறையும்" என்றார் ஒருவர். சிலர் நகைத்தனர். என் நா வறண்டது.

அப்போது என் தந்தையார், என்னை நோக்காமலே, "சென்ற முறை சேற்றில் லாரி இறங்கிப் புதைந்ததே, நினைவிருக்கிறதா? கரையை வெட்டியல்லவா அதை இழுத்தோம்! ஆடியில் குளம் காய்ந்திருக்கும், வண்டி உள்ளே போய் வரும், கரையும் பிழைக்கும்" என்றார். அவர் பறவையைப்பற்றி ஒரு சொல்லும் உரைத்தாரில்லை. ஆயினும் கூட்டத்தின் போக்கு மாறிற்று. நெடிய வாதத்திற்குப்பின் ஏல நிபந்தனையில் ஆடி மாதம் எழுதப்பட்டது. வெடியை விடுதற்கு ஊரார் இசையவில்லை. கரைமேல் வெடிப்பதை விடுத்துக் கோயிலின் மறுபுறத்தில் வெடிக்க மட்டும் உடன்பட்டனர். ஏலத்தொகையும் சிறிது குறைந்ததென்பதை மறைத்தல் நேர்மையன்று. அக்குறைவினால் அவ்வாண்டுக் கொடையில் ஒரு மேளம் குறைந்தது.

ஆனியில் தந்தையார் தொலைபேசியில் என்னை அழைத்து, வீட்டுச் செய்தி யாவும் கூறி முடித்தபின், "நேற்றுக் குளத்துப்பக்கம் போயிருந்தேன். கூடெல்லாம் காலி, குஞ்சு பறந்துவிட்டது" என்றார். அவரை அங்கே போகுமாறு ஒருவரும் ஏவவில்லை. ஆடியில் மரங்கள் வெட்டப்பட்டன. ஒரு வரிசை நின்றது. மழைக்குப்பின் மார்கழியில் அவ்வரிசையிற் சில நீர்க்காக்கைகள் வந்து தங்கின. முன்பு வந்த கூட்டத்தை நோக்க அவை மிகச் சிலவே. புதிய கன்றுகள் வளரும்வரை அவ்வரிசையே அவற்றிற்கு வீடு.

நண்பர்காள்! நம்முட் பலர் சிற்றூர்களினின்று வந்தவர்கள். விடுமுறையில் நும் ஊர்க்குளத்தங்கரையில் ஒருநாள் நடந்து பாருங்கள். எம்மரத்தில் எக்கூடு உள்ளது என்பதையும், அம்மரம் எம்மாதத்தில் விலைபோகும் என்பதையும் கேட்டறியுங்கள். அன்றே கடைமடை வரைக்கும் நடந்து செல்லுங்கள். இவ்விரண்டையும் கண்ட பின்னரே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள்.