'நம்ம வீட்டு மனுஷன்தானே!' - ஒரு குடும்பத்தை ஏமாற்றிய நண்பர்

'இந்த அம்மா, அப்பாவுக்கு அறிவே இல்லையா?'

'அப்டக்டட் இன் ப்ளெயின் சைட்' ஆவணப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு முதலில் கோபம்தான் வரும். ஸ்கை போர்க்மன் இயக்கி 2017-ல் வெளியான இந்தப் படம், 2019-ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தபோதும் பலரும் கேட்டது இதைத்தான். ஆனால், அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம் இது.

அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் போகடெல்லோ என்ற ஊர். பூக்கடை நடத்தும் பாப் ப்ரோபெர்க், மனைவி மேரி ஆன், மூன்று மகள்கள். தேவாலயத்தில் அறிமுகமான ராபர்ட் பெர்ச்டோல்டின் குடும்பம் இவர்களோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அவர் செல்லமாக 'பி'.

1974 அக்டோபரில், குதிரை சவாரிக்கு என்று சொல்லி 12 வயது ஜேனை அழைத்துப் போனார் 'பி'. இருவரும் திரும்பவில்லை. 'நம்ம ஆளுதானே, வந்துடுவார்' என்று பெற்றோர் காத்திருந்ததில் நாள்கள் கழிந்தன. ஒரு மாதத்துக்கும் மேலான பிறகே மெக்ஸிகோவில் சிறுமி மீட்கப்பட்டாள். இதைவிட அதிர்ச்சி, 1976-ல் அதே மனிதர் அவளை மறுபடியும் கடத்தினார்.

எப்படி முடிந்தது? அவர் முதலில் வளைத்தது சிறுமியை அல்ல, பெற்றோரை. இருவரையும் தனித்தனியாகத் தன்னோடு தகாத உறவுக்குள் இழுத்தார். வெளியே தெரிந்தால் அவமானம் என்ற பயமே அவர்களின் வாயைக் கட்டியது. 'மனசு சரியில்லை, சிகிச்சையின் ஒரு பகுதி' என்று சொல்லி, ஜேனின் அறையிலேயே தூங்கவும் அனுமதி வாங்கினார். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் கொஞ்சமே கடைசியில் மகளைக் கொண்டுபோனது.

ஜேனை அடக்கிவைத்தது வேறொரு கதை. ஒலிப்பதிவுக் குரலைக் கேட்கவைத்து, வேற்றுக்கிரகவாசிகள் கட்டளையிடுவதாக நம்பவைத்தார். 'நீ மறுத்தால் உன் தங்கையைக் கொண்டுபோவார்கள்' என்றது அந்தக் குரல். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் சிறுமி வாய் திறக்காததற்குக் காரணம், அந்த மனிதர்மீது இருந்த பாசம் மட்டுமல்ல. தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதாகவே அவள் நினைத்தாள்.

'தப்பா ஏதாச்சும் நடந்தா புள்ள சொல்லாதா?' என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. பிள்ளை சொல்லாது. சொல்ல முடியாதபடிதான் அவர்கள் கட்டிப்போடுகிறார்கள்.

ஜேன் பின்னாளில் நடிகையானார். இந்தப் படத்தில் அவர் மட்டுமல்ல, அம்மா, அப்பா, சகோதரிகள் என எல்லோருமே கேமரா முன் அமர்ந்து பேசுகிறார்கள். பெற்றோர் தங்கள் தவறுகளை மறைக்கவில்லை. ஊர் திட்டும் என்று தெரிந்தும் பேசினார்கள். அன்று வெட்கத்துக்குப் பயந்து மூடிவைத்ததன் விலை என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளையோடு தனியாக இருக்க யாராவது திரும்பத் திரும்பக் காரணம் தேடினால், அவர் எவ்வளவு நல்லவர் என்று யோசிக்க வேண்டாம். 'எதுக்கு?' என்று கேளுங்கள். உண்மையான நண்பர் கோபித்துக்கொண்டாலும் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.