ஃபோ கோந்தாக்த்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே விசாரணை. குற்றவாளி யாரென்று பிறகு சொல்கிறேன். முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் துலூஸில் வேலை பார்க்கிறான். மருமகளும் பதினோரு வயதுப் பேரனும் குருசுக்குப்பத்தில் எங்களோடு இருக்கிறார்கள். போன சித்திரையில் லீவுக்கு வந்த மகன் ஒரு பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து மாடி அறையில் வைத்துவிட்டுப் போனான். அங்கே அவனிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு இருவரும் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கால்பந்து ஆடுவார்கள். அப்போது அங்கே கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. பையனைக் கெடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிறு படியில் ஏறும்போது காதில் விழுந்தது. அப்பா போனில் கூப்பிட்டால் "ம்", "சாப்ட்டேன்", "அம்மாகிட்ட குடுக்கவா" என்று மூன்றே பதிலில் முடித்துக்கொள்கிற பிள்ளை, பந்தை உதைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து பெஞ்சுக்காரனோடு சண்டை, கணக்கில் மார்க் குறைந்தது, சைக்கிளிலிருந்து விழுந்து அம்மாவிடம் மறைத்தது என்று ஒன்று விடவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, இருவருக்கும் கண் பந்தில் இருக்கும்போது தானாக வந்தது. அதன் பிறகு ஞாயிறு எட்டு மணிக்கு நான் யாரையும் மாடிக்கு அனுப்புவதில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஆட்டம் நடுநடுவே அறுந்துபோக ஆரம்பித்தது. திரை நின்றுவிடும். கேபிள் இணைக்கப்படவில்லை என்று ஒரு அறிவிப்பு வரும். கால் நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும், ஆனால் ஆட்டம் போனது போனதுதான். இன்டர்நெட் கம்பெனிக்குச் சொன்னோம். ஒரு தம்பி இரண்டு தடவை வந்தார், இரண்டும் காலை பதினோரு மணிக்கு. அவர் பார்த்தபோதெல்லாம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. "எங்க லைன் கிளீனா இருக்கு சார். பையன் ரொம்ப நேரம் ஆடறாப்ல, மெஷின் சூடாயிடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் நம்பினேன். பேரனைக் கூப்பிட்டுத் திட்டி, அந்த ஞாயிறு ஆட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி மகன் எனக்குப் போன் செய்தான். "அப்பா, அவனுக்கு என்கூட ஆடப் பிடிக்கலையா? தோக்கற மாதிரி இருந்தா கட் பண்ணிட்டுப் போயிடறான். இன்னிக்கி வரவே இல்ல." மறுநாள் காலை ஷூ மாட்டும்போது பேரனிடம் பேச்சுக் கொடுத்தேன். தலை நிமிராமல் சொன்னான்: "அப்பாதான் தாத்தா கட் பண்றாரு. அவருக்கு போர் அடிக்குது."

முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில், அதிலும் பல வருஷம் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தவன் நான். நடுவில் ஒரு கடிதம் தொலைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் துறை 'அங்கிருந்து பதில் இல்லை' என்று கோப்பில் எழுதும். அந்தத் துறையும் அதையேதான் எழுதும். இரண்டு பேரும் எழுதுவது உண்மை. இங்கே அதுதான் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் பள்ளிக்கூட நினைவு வந்தது. எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில். விஞ்ஞான வகுப்பில் பேட்டரி, ஒயர், சின்ன பல்பு வைத்து முசியே பாடம் நடத்துவார். ஒரு நாள் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. அவர் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஃபோ கோந்தாக்த்" என்றார். நாம் லூஸ் காண்டாக்ட் என்கிறோமே, அதுதான். ஆனால் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயருக்கு நேர் அர்த்தம் பொய்த் தொடர்பு. அறுந்த ஒயர் நல்லது, கையில் எடுத்தால் அறுந்தது தெரிந்துவிடும், இது நீ பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் என்பார் முசியே. இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று மூன்று பத்தி. பேரனுக்குத் தண்டனையை ரத்து செய்து, தினம் சாயங்காலம் அரை மணி நேரம் ஆட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

முதல் கேள்வி: கோளாறு வெளி லைனிலா, வீட்டுக்குள்ளா? கீழே கூடத்தில்தான் ரூட்டர். அதில் வெளி லைனுக்கு ஒரு விளக்கு, மாடிக்குப் போகும் கேபிளுக்கு ஒரு விளக்கு. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். மாடியில் பேரன் "போச்சு!" என்று கத்தினான். வெளி லைன் விளக்கு அசையாமல் எரிந்தது. மாடி கேபிள் விளக்கு அணைந்து, சில நொடி கழித்து மறுபடி எரிந்தது. கம்பெனித் தம்பி சொன்னதில் பாதி சரி.

கேபிளை ரூட்டரில் வேறு துளையில் செருகினோம். அப்போதும் அறுந்தது. மாடி முனையில் மருமகளின் லேப்டாப்பை மாட்டினோம். அதற்கும் அறுந்தது. பிறகு பிளேஸ்டேஷனையே கீழே தூக்கிவந்து டி.வி.யோடு சேர்த்து ஒரு மீட்டர் கேபிளில் ரூட்டரோடு இணைத்தோம். இரண்டு மணி நேரம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. மெஷின் சூடும் ஆகவில்லை. பேரன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.

இந்த வயதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதே ஒயரில் லேப்டாப்பை மாட்டி மருமகள் சினிமா பார்க்கிறாள், அது மட்டும் ஏன் நிற்பதில்லை? பேரனின் மாமா விளக்கினார். சினிமா கொஞ்சம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும். வழியில் தொலைந்ததைத் திரும்பக் கேட்டும் வாங்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஒப்புகை அட்டையோடு போன பதிவுத் தபால் மாதிரி. ஆட்டம் அப்படியில்லை. இந்த நொடி பந்து எங்கே என்பது இந்த நொடிக்கு மட்டும்தான் பயன்படும். அதனால் விளையாட்டுகள் பெரும்பாலும் சாதாரணத் தபால் மாதிரி அனுப்பிக்கொண்டே இருக்கும், தொலைந்தால் தொலைந்ததுதான். சினிமாவுக்குத் தெரியாத நான்கு நொடி ஆட்டத்தைக் கொன்றுவிடும். தபால் பிரிவுக்காரனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

அப்படியானால் கேபிள். ஆனால் எந்த இடத்தில்? நோட்டைப் புரட்டினேன். பதினான்கு பதிவு. பகலில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல். மூன்றாவது பத்தியில் என் கையெழுத்திலேயே திரும்பத் திரும்ப இருந்தது: 'காற்று'. 'கொசு, ஜன்னல் சாத்தியது'. 'காற்று, ஜன்னல் படபடப்பு'.

மாடிக்கு ஏறிப்போய் கிழக்கு ஜன்னலைப் பார்த்தேன். கால் நடுங்கியது, படி ஏறியதால் மட்டுமில்லை.

சித்திரையில் எலக்ட்ரீஷியன் கேபிள் இழுக்க வந்தபோது சுவரில் துளை போட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்றார். எங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடிக் கனம். வைஃபை மாடிக்கு ஒழுங்காக வராததும் அதனால்தான். துளைக்குத் தனியாக 400 ரூபாய் கேட்டார். வேண்டாம், வெளிச்சுவரோடு ஏற்றி ஜன்னல் வழியாக விடுங்கள் என்றேன். "ஜன்னல் சாத்தினா நசுங்குமே சார்" என்றார். "கடல்காத்து வர்ற ஜன்னலை யாருப்பா சாத்தப்போறா" என்று சொன்னவன் நான்.

கோடை முழுக்கத் திறந்தேதான் இருந்தது. ஐப்பசியில் மழையும் கொசுவும் வந்ததும் மருமகள் ஆறு மணிக்குச் சாத்த ஆரம்பித்தாள். வாடைக்காற்றில் ஜன்னல் கதவு ஆட ஆட, கீழே மாட்டிய கேபிளை மென்றுகொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்கு வந்த தம்பி எப்படிக் கண்டுபிடிப்பார்?

எலக்ட்ரீஷியன் அந்த இடத்தை வெட்டிப் பிரித்துக் காட்டினார். உள்ளே எட்டு ஒயர், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. வெளி இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆரஞ்சு ஒயரின் செம்பு விரிசல் விட்டு, முனையும் முனையும் தொட்டும் தொடாமலும் இருந்தன. அதன் ஜோடி மேல் பச்சைக் களிம்பு. கடலோர வீட்டில் உறை கிழிந்தால் உப்புக்காற்று விடுமா? பிரவுன் ஜோடியோ நீல ஜோடியோ போயிருந்தால் வேகம் குறைந்தாலும் பெரும்பாலும் ஓடியிருக்கும், ஆரஞ்சும் பச்சையும் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்றார். வெளியில் போடுவதற்கென்றே இருக்கிற கறுப்பு உறை கேபிள், சுவரில் துளை, கூலி எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். 400 மிச்சம் பிடித்த கணக்கு அது.

பேரனை உட்காரவைத்துச் சொன்னேன். "நீ கட் பண்ணல. அப்பாவும் கட் பண்ணல. தாத்தா போட்ட ஒயர்தான்." அவன் கொஞ்ச நேரம் வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அப்பாவுக்கு போர் அடிக்கலையா?" என்று கேட்டான். "நீயே கேளு" என்றேன்.

அந்த ஞாயிறு எட்டு மணிக்கு நான் ரூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே நல்ல காற்று. விளக்கு அசையவில்லை. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்பதானதும் மருமகள் தோசைக்குக் கூப்பிட எழுந்தாள், இரும்மா என்று கையைக் காட்டினேன்.

ஒன்பதரைக்குப் பேரன் கீழே இறங்கி வந்து போனை என்னிடம் நீட்டினான். துண்டுக் கேபிளை அப்பாவிடம் கேமராவில் காட்டியிருக்கிறான். "சுவத்துல ஓட்டை போட வேணாம்னு நீங்கதானப்பா சொன்னீங்க?" என்றான் மகன்.

"ஆமாண்டா" என்றேன்.