அளவறிந்து செய்தல்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வழக்கு. மானம் காக்கும் ஆடையை மனிதரே தீக்கு இரையாக்கினர் என்பதை அறிந்தபோது என் உள்ளம் வருந்தியது.

இங்கிலாந்து நாட்டின் பர்பெரி, 1856-ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம். செல்வர் விரும்பும் மழைக்கோட்டுகளுக்குப் பெயர் பெற்றது. 2018 மார்ச்சில் முடிந்த ஓராண்டில், ஆடைகளும் நறுமணப் பொருள்களுமாக 2.86 கோடி பவுன் மதிப்புள்ள சரக்குகளை அது அழித்தது. அவை கந்தல்கள் அல்ல, விற்காமல் எஞ்சியவை. விலையைக் குறைத்து விற்றால் பெயரின் பெருமை குறையும் என்பதே இத்தகைய வணிகரின் அச்சம்.

ஓர் ஆடையில் எத்தனை பேர் உழைப்பு அடங்கியுள்ளது! பருத்தி விளைத்த உழவர், நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர், தைத்தவர் ஆகிய அனைவர் உழைப்பும், நிலம் ஈந்த நீரும் வளமும் ஒருங்கே சாம்பலாயின.

மக்கள் கண்டித்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பிரான்சு நாடோ 2020-இல் சட்டம் இயற்றியது. விற்காத ஆடைகளை அழிக்காமல், கொடையாக வழங்கவோ மீண்டும் பயன்படுத்தவோ மறுசுழற்சி செய்யவோ வேண்டும் என 2022 முதல் விதித்தது.

அரிய பொருளுக்கே விலை மிகுதி என்பது உண்மைதான். ஆயினும் மிகுதியாகச் செய்து, பின் எரித்துப் பெறுவது அருமையாகாது. தேவையின் அளவறிந்து, நெடுநாள் உழைக்குமாறு செய்வதே வணிகர்க்கு அழகு என்பேன்.