ஊசி இறங்கினால்

கொழும்புத்துறையில் கடனீரேரிக் காற்று உப்போடுதான் வரும். அந்த உப்புக்கு முதலில் பலியாவது வயர் முனைகள். அதனால், பழைய டாட்டா லொறியைக் கராச்சில் கொண்டுவந்து விட்டு "அண்ணை, சூடேறினால் ஒயில் பிரஷர் ஊசி விழுது" என்று சாரதி சொன்னால், வேலை தெரிந்த மெக்கானிக் எஞ்சினைச் சந்தேகிக்க முன்னர் ஊசியைத்தான் சந்தேகிப்பார். இந்த வேலையை அருகில் நின்று பார்க்கையில், யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளை நாம் பிழையான காரணத்துக்காகப் புகழ்ந்து வந்திருக்கிறோம் என்றே எனக்குப் படுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். சமாளிப்புக்கு அது நல்ல சாட்சிதான். ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, அதற்கு நேர் எதிரான இன்னொரு திறமையைக் கண்டுகொள்ளாமல் விட்டோம்: சாவி எடுக்க முன்னர் பிழை எங்கே என்று அறிகிற பொறுமை.

ஊசி காட்டுவது ஒயில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அல்ல, ஓடுகிற ஒயிலுக்கு எவ்வளவு மறிப்பு இருக்கிறது என்பதை. பம்ப் தள்ளும், கிராங் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் நடுவிலுள்ள இடுக்கு மறிக்கும். 75 மில்லிமீற்றர்த் தண்டுக்கு அந்த இடுக்கு ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. தேய்ந்து அது இரட்டித்தால் கசிவு இரட்டிப்பதோடு நிற்காது, எட்டு மடங்காகும். சூடும் சேர்ந்துகொள்ளும். 15டபிள்யூ-40 ஒயில் 40 பாகைச் சூட்டில் காட்டும் தடிப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் 100 பாகையில் மிஞ்சும். ஆகவே காலையில் உயர்ந்து நின்ற ஊசி, கிளிநொச்சி போய்த் திரும்பிய மத்தியானத்தில் இறங்கி நிற்பது மட்டும் நோயல்ல. ஆயிரம் சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் என்பது பழைய கைக்கணக்கு. சும்மா நின்று ஓடும் சூடான பழைய எஞ்சினில் ஊசி அந்தக் கணக்குக்குக் கீழே போகாவிட்டால் பதற வேண்டியதில்லை. முதலில் ஒயில் பார்க்கிற கம்பி. மட்டம் குறைந்திருந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. மட்டம் ஏறியிருந்தால்தான் எனக்குப் பயம், டீசல் உள்ளே இறங்குகிறதாக இருக்கலாம். ஒரு சொட்டைக் கடதாசியில் விட்டால், கறுப்பு நடுவைச் சுற்றி டீசல் வெளிறிய வளையமாகப் பரவும், விரலில் தேய்த்தால் வழுக்கல் போதாது, மணமும் சொல்லிவிடும். பிறகுதான் டாஷ்போர்ட் ஊசிக்குச் செய்தி அனுப்பும் அலகைக் கழற்றி, அதே துவாரத்தில் குழாயோடு கூடிய நேரடிக் கேஜ் பூட்டப்படும். குளிரிலும் சூட்டிலும், சும்மா ஓடும்போதும் வேகம் கொடுத்தபோதுமாக நான்கு அளவுகள். இந்த நான்கையும் சேர்த்து வாசிப்பதில்தான் தொழில் இருக்கிறது. குளிரில் நன்றாக நின்று சூட்டில் விழுந்தால் பெயாரிங்கையோ மெலிந்த ஒயிலையோ நினைக்க வேண்டும். எப்போதும் ஒரேயடியாகத் தாழ்ந்து கிடந்தால் மிஞ்சும் அழுத்தத்தைத் திறந்துவிடும் றிலீப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது பம்ப். வேகம் கொடுக்கக் கொடுக்க ஏறி, பிறகு தளம்பி இறங்கினால் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் வடி அடைத்திருக்கலாம். அடைப்பது பல வேளைகளில் முன்னர் யாரோ தாராளமாகப் பூசிய கஸ்கற் பசையின் துண்டுகள்.

இத்தனை ஏன், தடித்த ஒயில் விட்டால் ஊசி ஏறிவிடுமே என்பார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது ஊசி. தேய்ந்த இடுக்கு அப்படியேதான் கிடக்கும். குளிர்ந்த காலையில் அந்தத் தடித்த ஒயில் தூரத்துப் பெயாரிங்குக்குப் போய்ச் சேரவும் தாமதிக்கும். இதைவிட வலுவான ஆட்சேபம் காசு. 2020 மார்ச்சில் விழுந்த வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு விலகியது 2025 தொடக்கத்தில்தான்; விலையோ இன்னும் எட்டாது. ஓவர்ஹோலுக்கு வழியில்லாத சொந்தக்காரர் தடித்த ஒயிலோடு அறுவடை முடியும்வரை ஓடட்டும் என்றால் நான் மறுக்கமாட்டேன். அது அளந்தபின் எடுக்கிற முடிவாக இருக்கட்டும். வடியில் அடைப்பு இருக்கிற எஞ்சினுக்குத் தடித்த ஒயில் விடுவது, இழுக்க முடியாத பம்ப்பை இன்னும் திணறடிப்பது. கணினி வந்துவிட்டது, இனி இது எதற்கு என்ற பேச்சும் உண்டு. 1954 முதல் 1969 வரை டைம்லர்-பென்ஸோடு டாட்டா கூட்டாக இருந்த காலத்து வழிவந்த எஞ்சின்களில் கணினி பூட்ட இடமே இல்லை. புதியவற்றிலும் அது பிரஷர் குறைவு என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

கடைசியில் சம்பைக் கழற்றினால், எஞ்சினை இறக்காமலே ஒரு மூடியை விலக்கிப் பெயாரிங் ஓட்டைக் கையில் எடுக்கலாம். கட்டைவிரல் அகலத்து அரைவட்டம். சாம்பல் நிறப் பூச்சு சீராக இருந்தால் அதை அப்படியே திருப்பிப் பூட்டலாம். அந்தப் பூச்சுத் தேய்ந்து, நடுவில் செம்பு மினுங்கினால் சொந்தக்காரரிடம் அதையே நீட்டுகிறார்கள், வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. கோடு விழுந்திருந்தால் தண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் மறுபடி றிலீப் வால்வின் சின்னச் சுருளுக்கே போகும்; சில எஞ்சின்களில் அதை வெளியிலிருந்தே கழற்றிப் பார்த்திருக்கலாம், சம்பைத் தொட்டிருக்கவே தேவையில்லை.