பையன் கொண்டுவந்த பெட்டி

போன டிசம்பரில் ஊருக்கு வந்த என் பையன், சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். முன்பக்கம் சின்ன எழுத்துத் திரை, சில பொத்தான்கள், வலது ஓரத்தில் ஒலியைக் கூட்டும் திருகு.

"ரோலண்ட் எம்.டி-32 ப்பா. செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுது. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 1992-ல் அவனுக்குப் பதின்மூன்று வயது. படிப்புக்கு ஆகட்டும் என்று கடன் போட்டு ஒரு பழைய 286 கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அதில் அவன் படித்ததைவிட 'ஸ்பேஸ் க்வெஸ்ட் 3' விளையாடியதுதான் அதிகம். இசைக்கு எந்தக் கருவி என்று அந்த விளையாட்டு ஒரு பட்டியல் காட்டும். அதில் இந்த ரோலண்ட் பெயரும் இருக்கும். அமெரிக்காவிலேயே 500 டாலருக்கு மேல் விற்ற சாமான். அதை அவன் கேட்கவில்லை. சாதாரண சவுண்ட் கார்டு ஒன்றுதான் கேட்டான். "பாட்டு கேக்க ரேடியோ இருக்கு, போய்ப் படி" என்றேன். கம்ப்யூட்டருக்குள் இருந்த ஸ்பீக்கர் 'கீ கீ' என்று கத்த, அதையே கேட்டு விளையாடி முடித்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வந்த இரண்டு நாளும் அவனே பெட்டியோடு மல்லுக்கட்டினான். சத்தமே வரவில்லை. மூன்றாம் நாள் காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வேலையாக அவன் கடையில் வாங்கி வந்த அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். 9 வோல்ட் சரிதான். ஆனால் இந்தப் பெட்டிக்கு நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர் எதிர். நல்லவேளை, அதை அவன் இன்னும் செருகவில்லை. ஆழ்வார்பேட்டை நண்பர் ஒருவரின் கீபோர்டு அடாப்டர் பொருந்தியது.

அப்புறம்தான் மிடி கேபிளைக் கையில் எடுத்தேன். ஐந்து முள் உள்ள வட்டப் பிளக். தகவல் போவது இரண்டு முள்ளில்தான். 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். அது இருப்பதும் அறுபடுவதுமே செய்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் பழுது பார்த்தவன் நான். இது அதே கரண்ட் லூப்! எங்கள் மெஷின் 50 பாடில் ஓடியது. 1983-ல் வந்த இந்த மிடி விநாடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. வேகம்தான் வேறு, தொழில் ஒன்றுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் அனுப்பும் பிளக்கும் வாங்கும் பிளக்கும் இடம் மாறியிருந்தன. மாற்றிச் செருகினோம்.

"இந்தக் கேபிள்ல பாட்டு போகலப்பா, வெறும் உத்தரவுதான் போகுது. எந்த வாத்தியம், எந்த ஸ்வரம்னு. வாசிக்கிறது பெட்டி" என்று எனக்குப் பாடம் எடுத்தான். அதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். வாழ்த்துத் தந்தியில் முழு வாசகத்தை யார் அனுப்பினார்கள்? ஒரு எண் போகும். அந்த ஊர் ஆபீஸில் பட்டியலைப் பார்த்து வாசகத்தைப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு ஆபீஸில் இரண்டு விதமான பட்டியல் இருந்தால் கல்யாண வீட்டுக்குத் தீபாவளி வாழ்த்துப் போய்ச் சேரும். எம்.டி-32க்கு எழுதிய இசையை 1991க்குப் பிறகு வந்த ஜெனரல் மிடி பெட்டியில் போட்டால் வாத்தியங்கள் இடம் மாறி ஒலிப்பது இதனால்தானாம்.

பழைய விளையாட்டுகளை ஓட்ட இவன் லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் வைத்திருக்கிறான். இப்போது பெட்டிக்குச் செய்தி போயிற்று. ஆனால் திரையில் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று வந்து நின்றது. தொடக்கத்தில் பெட்டியைத் தயார் செய்ய நீளமான உத்தரவுகள் போகின்றன. இன்றைய கம்ப்யூட்டர் அவற்றை மூச்சுவிடாமல் கொட்டுகிறது. "எதிராளி எழுதி முடிக்க வேணாமா? நிறுத்தி நிறுத்தி அனுப்பச் சொல்லு" என்றேன். தேடிப் பார்த்து, அமைப்புக் கோப்பில் 'டிலே சிஸ்எக்ஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தான்.

மறுபடி விளையாட்டைத் தொடங்கினோம். பெட்டியின் சின்னத் திரையில் 'இன்சர்ட் பக்கசாய்ட்' என்று எழுத்து வந்தது. பக்கசாய்ட் என்பது அந்த விளையாட்டு உலகத்துக் காசு. காசு போடு என்று கேலி செய்கிறது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இசை தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். டிரம்ஸ், அதன்மேல் ஏறி வரும் மற்ற வாத்தியங்கள். சூப்பர்டிராம்ப் குழுவின் டிரம்ஸ்காரர் பாப் சீபன்பெர்க் அமைத்ததாம். 'கீ கீ' என்று நான் கேட்டது இதைத்தானா!

"அன்னிக்கு ஏம்ப்பா ஒரேயடியா முடியாதுன்னீங்க?" திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

அந்த மாதம் அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். கம்ப்யூட்டர் கடனுக்கு மேல் பி.எஃப். கடனும் போட்டிருந்தேன். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். பெரியம்மாவைப் பார்க்கத் திருச்சி போயிருக்கிறாள் என்று அவனிடம் சொல்லி வைத்தோம். அவள் போய் ஆறு வருஷமாகிறது. நடந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்த் திருகை லேசாகக் குறைத்துவிட்டு, "திருச்சியிலேருந்து வந்தப்போ அம்மா ரொம்ப மெலிஞ்சிருந்தாங்க. நான் கேட்டேன், வெயில்னு சொன்னாங்க" என்றான்.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை எடுத்துப் போகவில்லை. அடாப்டரைத்தான் நண்பருக்குத் திருப்பித் தர வேண்டும். வேறு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.